அஜெண்டாவில் ஏறாத தெரு

நகராட்சி மன்றக் கூட்டம் என்றால் டி.வி.யில் பார்க்கிறவர்களுக்குச் சண்டைதான் ஞாபகம் வரும். மைக்கைப் பிடுங்குவது, பேப்பரைக் கிழித்து வீசுவது, சேர்மன் மேடைக்கு முன்னால் தரையில் உட்காருவது, வெளிநடப்பு. இத்தனைக்கும் நடுவே மேடைக்குக் கீழே ஒரு மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் ஆளை யாரும் கவனிப்பதில்லை. 1983ல் வேலையில் சேர்ந்து 2020ல் ஓய்வு பெறும்வரை, வரிப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் போன காலம் நீங்கலாக, அந்த மேஜைதான் என் இடம். கவுன்சில் செக்‌ஷன். சித்தூர், திருப்பதி, மாவட்டத்தின் சின்ன நகராட்சிகள் என்று மாற்றல் எங்கே வந்தாலும் கடைசியில் அந்த செக்‌ஷனுக்கே அனுப்பிவிடுவார்கள். தீர்மானம் எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு வேறு நாற்காலி கிடைப்பது கஷ்டம்.

கூட்டத்தில் நடப்பதைவிடக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் நடப்பதுதான் முக்கியம். எந்தப் பொருள் அஜெண்டாவில் ஏறுகிறது, எது ஏறவில்லை என்பது அப்போதே தீர்ந்துவிடும். கூட்டத்தன்று நாற்பது ஐம்பது பொருள்கள் சில நிமிடங்களில் ஓடிவிடும். நம்பரைப் படிப்பேன், 'ஆமோதம்' என்று குரல் எழும், அடுத்த நம்பர். தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொன்றின் கடைசியிலும் தெலுங்கில் 'ஆமோதிஞ்சடமைனதி' என்று எழுத வேண்டும். என் கை அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருக்குமோ தெரியாது.

ஜனங்களுக்கு இது தெரியாது. 'மனு கொடுத்தாச்சு' என்று திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு தெருவுக்குச் சைடு கால்வாய் வேண்டுமென்றால் அந்த மனு போகும் வழியைச் சொல்கிறேன். தபால் பிரிவில் நம்பர் போட்டு கமிஷனர் மேஜைக்குப் போகும். அவர் ஓரத்தில் 'என்ஜினீயரிங்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வார்டு என்ஜினீயரான ஏ.இ. வந்து டேப் பிடித்து அளக்க வேண்டும். அளந்து எஸ்டிமேட் போட வேண்டும். அவருக்கு மேலுள்ள டி.இ. சரிபார்க்க வேண்டும். அந்தக் கணக்குத் தலைப்பில் இந்த வருஷம் பணம் மிச்சம் இருக்கிறதா என்று அக்கவுண்ட்ஸில் குறிப்பு வாங்க வேண்டும். அதன்பிறகு கமிஷனர் குறிப்போடு என் செக்‌ஷனுக்கு வரும். நான் பொருளாக எழுதி அஜெண்டா வரைவில் சேர்ப்பேன். சேர்மன் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மன்றம் நிறைவேற்றியபின் டெண்டர், அக்ரிமெண்ட், வேலை, எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். இத்தனை படியில் எந்தப் படியிலும் அந்தக் காகிதம் படுத்துத் தூங்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் நிறுத்த வேண்டியதில்லை. யாரும் தள்ளாவிட்டால் தானாகவே நின்றுவிடும்.

தள்ளுகிறவர்தான் கவுன்சிலர். ஏ.இ. பின்னால் இரண்டு நாள் ஸ்கூட்டரில் சுற்றி, அவரைத் தன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் அளக்க வைக்கிறவர். அக்கவுண்ட்ஸ் சூப்பரின்டெண்டுக்கு டீ வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார்ந்து குறிப்பு எழுத வைக்கிறவர். அஜெண்டா அச்சுக்குப் போகிற சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து, 'அண்ணா, நம்ம வார்டு கால்வாய் ஏறிடுச்சா?' என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர். மன்றத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்களில் இப்படி வேலை முடித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஜீரோ ஹவரில் முழங்கி மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தவர்களில், ஐந்து வருஷத்தில் தன் வார்டுக்கு ஒரு பைப்லைனும் கொண்டுவராதவர்கள் உண்டு.

அஜெண்டாவுக்கு ஒரு வால் உண்டு. டேபிள் அஜெண்டா. கூட்டம் நடக்கும் அன்றைக்கே மேஜைக்கு மேஜை வைக்கப்படும் கூடுதல் பொருள்கள். தண்ணீர்ப் பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் மாதிரி அவசரத்துக்காக ஏற்பட்ட வசதி. ஆனால் யாரும் படிக்கக் கூடாது என்று நினைக்கும் பொருள்கள் எல்லாம் அதில்தான் வரும். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குப் பின்னால் வாங்கும் ஒப்புதலும் அப்படித்தான். இளம் கவுன்சிலர்கள் யாராவது வந்து கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய அஜெண்டாவை வீட்டில் படியுங்கள், டேபிள் அஜெண்டாவை அங்கேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாய்விட்டுப் படித்தால் பாதிப் பொருள்கள் வாய்தா ஆகிவிடும்.

சித்தூரில் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. தமிழ் மனுக்கள். சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911ல் தனி மாவட்டமானது, 1917ல் நகராட்சி வந்தது, 1953ல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960ல் எல்லை மாற்றம் நடந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோதும் சித்தூர் இந்தப் பக்கமே நின்றது. வேலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். கிரீம்ஸ்பேட்டையில் நடந்தால் இன்றைக்கும் தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எந்தக் கட்சியானாலும் அங்கே தமிழில்தான் கேட்பார்கள். ஆனால் ஆபீஸ் முழுக்கத் தெலுங்கு. பள்ளியில் தமிழ் மீடியம் படித்த பெரியவர்கள் அழகான கையெழுத்தில் 'மகா கனம் பொருந்திய கமிஷனர் அவர்கள் சமூகத்துக்கு' என்று எழுதி எடுத்துவருவார்கள். தபால் பிரிவில் வாங்காமல் திருப்பி அனுப்பாதபடி, நான் வாங்கி எதிர்ப்பக்கத்தில் தெலுங்கில் நாலு வரி சுருக்கம் எழுதிக் கொடுப்பேன். எந்த விதியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை.

அந்த மனுக்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. சித்தூருக்குப் பெரிய ஆறு கிடையாது. ஊர் நடுவே போகும் நீவா மழைக்காலத்தில் மட்டும் ஆறு, மற்ற நாளில் சாக்கடை. ஏரிகள் வற்றியபின் போர்வெல்தான் கதி. நான் சேர்ந்தபோது இருநூறு, முந்நூறு அடியில் இருந்த தண்ணீர், ஓய்வு பெறும் சமயம் ஆயிரம் அடியைத் தொட்ட இடங்கள் உண்டு. கிரண்குமார் ரெட்டி முதல்வராக இருந்தபோது கண்டலேறுவிலிருந்து மாவட்டத்துக்கே குடிநீர் கொண்டுவரும் பெரிய திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. ஹந்திரி-நீவா என்று பெயரிலேயே எங்கள் ஆற்றைச் சுமந்திருக்கும் கால்வாயின் தண்ணீருக்கும் சித்தூர் பல்லாண்டு காத்துக் கிடந்தது.

பஞ்சம் வரும் ஊரில் நகராட்சி அரசியல் என்பது டேங்கர் அரசியல்தான். எந்தத் தெருவுக்கு டேங்கர் முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பதில் ஒரு தேர்தலே தோற்கும். டிராக்டர் டேங்கர்களை வாடகைக்கு எடுப்பார்கள். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு சீட்டு, அதில் தெருக்காரர் ஒருவர் கையெழுத்து, அதன்மேல் பில். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், கோடை முழுக்க ஓடிய டேங்கர்களுக்கு வந்த பில்லைப் பார்த்துப் புதிதாக வந்த கமிஷனருக்குச் சந்தேகம். டிரிப் சீட்டெல்லாம் கச்சிதமாக இருந்தது. கையெழுத்துகளும் இருந்தன. எதைப் பிடித்துக்கொண்டு குறைப்பது?

கடைசி வார்டில் ஒரு அம்மா. வீட்டில் இட்லி சுட்டு விற்கிறவர், தண்ணீர் இல்லாவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரின் அட்டையில், டேங்கர் வந்த நாளில் எல்லாம் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். பால்காரன் கணக்குக்கு ஒரு பக்கம், தண்ணீர்க் கணக்குக்கு ஒரு பக்கம். அந்த வார்டு கவுன்சிலர் எதிர்க்கட்சிக்காரர், பெரிய படிப்பில்லை. அந்த அட்டையையே கழற்றிக்கொண்டு கமிஷனர் அறைக்கு வந்துவிட்டார். சீட்டில் இருந்த டிரிப்புக்கும் அட்டையில் இருந்த கோட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 'இந்தக் கரிக்கோட்டை ஆடிட்டில் ஒத்துக்கொள்வார்களா?' என்று என்னைக் கேட்டார் கமிஷனர். 'ஆடிட்டில் ஒத்துக்கொள்கிறார்களோ இல்லையோ, கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்வார் சார்' என்றேன். கூப்பிட்டுக் காட்டியதும் பில்லைத் தானே திருத்திக் கொடுத்தார். மற்ற வார்டுகளிலும் பெண்களைக் கேட்டு எழுதினார்கள். அடுத்த கோடையிலிருந்து டிரிப் சீட்டில் இரண்டு பெண்களின் கையெழுத்து கட்டாயம் என்று தீர்மானம் போட்டோம். அதை எழுதியது நான்தான், இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு. பின்னாளில் ஜி.பி.எஸ். எல்லாம் வந்தது. அந்த அம்மாவின் அட்டையைவிட அது நம்பகமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி சேர்மன் விஷயம். என்.டி.ஆர். ஆட்சியில் நகராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 1987 தேர்தல் அப்படி நடந்தது. ஊர் முழுக்க ஓட்டு வாங்கி வந்த சேர்மனுக்குக் கவுன்சிலர்களைத் தாஜா செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அதனால் வேலைகள் வேகமாக நடந்தன, சில இடங்களில் மன்றத்தை மதிக்காத போக்கும் வளர்ந்தது. 2005ல் மறுபடி கவுன்சிலர்கள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போனார்கள். அன்றிலிருந்து 'கேம்ப்' தொடங்கியது. தேர்தல் முடிவு வந்த அன்றிரவே கவுன்சிலர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். பெங்களூர், சென்னை, எங்காவது ஒரு ரிசார்ட். போன் ஒருத்தர் கையில் இருக்கும். தலைவர் தேர்தலன்று பஸ்ஸில் வந்து நேராக மன்றத்துக்குள் இறங்குவார்கள். நான் பெயர் கூப்பிட்டு உறுதிமொழிப் பத்திரம் நீட்டுவேன். கையை உயர்த்தி ஓட்டுப் போடுவார்கள். தன் வார்டு ஜனங்களைப் பார்க்காமல் பத்து நாள் வெளியூரில் அடைபட்டுவிட்டு, பதவியின் முதல் நாளே களைத்துப்போய் வந்து நிற்கும் முகங்களைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். இந்தக் கேம்ப் வழக்கம் குறையவே இல்லை. 2025 பிப்ரவரியில் திருப்பதி துணை மேயர் தேர்தலுக்குக் கார்ப்பரேட்டர்கள், அதாவது மாநகராட்சிக் கவுன்சிலர்கள், வந்த பஸ் தாக்கப்பட்டு, 3ஆம் தேதி நடக்க வேண்டியது மறுநாளைக்குத் தள்ளிப்போய், வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் செனட் ஹாலில் நடந்ததை ஊரே பார்த்தது.

பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி இடம் என்று ஒதுக்கீடு வந்தபோது ஆபீசில் பலர் முணுமுணுத்தார்கள். முதல் சில கூட்டங்களில் பல கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கை ஜாடை காட்டியது உண்மை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த கடிதங்களும் எனக்கு வந்தன. 'மெம்பரம்மா கையெழுத்து இல்லாமல் தபாலில் ஏற்ற மாட்டேன்' என்று திருப்பி அனுப்புவேன். சண்டை போட்டவர்கள் உண்டு.

ஆனால் ஒரு மெம்பரம்மாவைச் சொல்ல வேண்டும். பத்தாவது வரை படித்தவர், பூக்கட்டும் குடும்பம். பேசவே கூச்சப்படுவார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் என்னிடம் வந்து, 'சார், எங்க வார்டுக்குத் தோட்டி வேலைக்கு எத்தன பேரு?' என்று கேட்டார். மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி மஸ்டர் எடுக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆளை எண்ணினார். பதிவேட்டில் இருக்கும் பெயர்களில் பல அங்கே இல்லை. சத்தம் போடவில்லை. தினமும் போய் நின்றார். ஒரு மாதத்தில் ஆட்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், தெரு சுத்தமானது. வந்து நின்றவர்களுக்கு அவரே வீட்டிலிருந்து டீ கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த மன்றத்தில் அவர் எழுந்து பேசிய முதல் பேச்சு துப்புரவுத் தொழிலாளர் சம்பளப் பாக்கியைப் பற்றியது. வீட்டுக்காரர் பார்வையாளர் வரிசைக்கு வருவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்.

இந்த நினைவோடு சேர்ந்தே வரும் இன்னொரு நாள், 2015 நவம்பர் 17. சித்தூர் 2012ல் மாநகராட்சி ஆனது. 2014 தேர்தலில் கட்டாரி அனுராதா முதல் மேயரானார். அந்த நவம்பர் நாளில், அலுவலக நேரத்தில், பர்தா அணிந்து வந்தவர்கள் மேயர் அறைக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கணவர் மோகனையும் தாக்கிக் கொன்றார்கள். நான் அப்போது திருப்பதியில். சித்தூரில் கூட வேலை பார்த்த நண்பர் போன் செய்தார், அழுதுகொண்டே இருந்தார், வேறு எதுவும் சொல்ல வரவில்லை. எங்கள் தொழிலில் மேயர் அறை, சேர்மன் அறை என்பது யாரும் தட்டாமல் உள்ளே வரும் இடம். இறப்புச் சான்றிதழ் தாமதமானவர், பென்ஷன் நின்றுபோன கிழவி, கட்சிக்காரர், கடைக்காரர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மக்களாட்சி என்று நாம் சொல்வது அந்தத் திறந்த கதவைத்தான். அதன் வழியாகவே கொலையாளிகளும் வந்தார்கள். குடும்பத்துக்குள் இருந்த பகையே காரணம் என்றது வழக்கு. 10 ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் 5 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் வாசலில் ஒரு அட்டெண்டர் நின்று, 'யாரு, எதுக்கு' என்று கேட்க ஆரம்பித்தார். பென்ஷன் கிழவிகள் அதோடு குறைந்துபோனார்கள்.

திருப்பதி வேறு மாதிரி ஊர். 1886லேயே நகராட்சி கண்ட ஊர். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மலைமேல் தினமும் 60,000, 70,000 பேர் தரிசனம் செய்கிறார்கள். அவர்களில் பலர் ஊருக்குள் இறங்கி, சாப்பிட்டு, குளித்து, தங்கிப் போகிறவர்கள். அரசு மானியம் கணக்கெடுப்புத் தொகையைப் பார்த்து வரும், குப்பை வந்துபோகிறவர்களையும் சேர்த்து விழும். இந்த ஒரு கணக்குதான் திருப்பதி நகராட்சியின் நிரந்தரக் கஷ்டம். அதனால் எதற்கும் தேவஸ்தானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். 1977ல் கட்டிய கல்யாணி அணையின் தண்ணீர் மலைக்கும் ஊருக்கும் பொது. தெலுங்கு கங்கை தண்ணீர் வந்தபிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. 2023 செப்டம்பரில் திறந்த சீனிவாச சேது மேம்பாலத்துக்கும் தேவஸ்தானப் பணமும் ஸ்மார்ட் சிட்டிப் பணமும் சேர்ந்தன. அடுத்த மாதமே, தேவஸ்தான பட்ஜெட்டில் 1 சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கலாம் என்று அறங்காவலர் குழு தீர்மானித்தது. பக்தர் காணிக்கையை ஊர் ரோட்டுக்கா போடுவது என்று எதிர்ப்புக் கிளம்பியது, மாநில அரசு ஏற்கவில்லை. இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. வரி கட்டும் உள்ளூர்க்காரர் மட்டும் பக்தர்களின் குப்பையைச் சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை என்பதே என் கட்சி.

2007 மார்ச்சில் திருப்பதி மாநகராட்சி ஆனது. 2021 மார்ச் வரை அதற்கு ஒரு மேயர் கிடையாது, ஒரு கார்ப்பரேட்டர் கிடையாது. கிராமங்களைச் சேர்ப்பது, வார்டு பிரிப்பது, வழக்கு என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது, 5 ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது. ஆனாலும் இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை மன்றம் இல்லாமல் கிடந்தது. தமிழ்நாட்டு நகரங்கள் 2016லிருந்து 2022 வரை தனி அலுவலர் கையில் இருந்தன. பெங்களூரிலும் 2020ல் அதே கதை தொடங்கியது.

மன்றம் இல்லாமல் ஸ்பெஷல் ஆபீசர் பொறுப்பில் இருந்த காலத்தில் என் வேலை சுலபம். கமிஷனர் குறிப்பு அனுப்புவார். ஸ்பெஷல் ஆபீசர் கையெழுத்துப் போடுவார். அதற்கும் கவுன்சில் தீர்மானம் என்றே நம்பர் உண்டு. பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் ஒரு பக்கத்துக்கு முப்பது, முப்பத்தைந்து கையெழுத்து இருக்கும். கோணல் கையெழுத்து, பச்சை மை, கட்டைவிரல் ரேகை கூட. ஆட்சேபம் தெரிவித்தவர் குறிப்பு ஓரத்தில் இருக்கும். ஸ்பெஷல் ஆபீசர் ஆண்டுகளின் புத்தகத்தில் ஒரே கையெழுத்து, பக்கம் பக்கமாக. ஓரம் வெள்ளையாக இருக்கும்.

அந்தக் காலத்தில் ஊர் கெட்டுப்போனது என்று சொன்னால் பொய். நல்ல அதிகாரிகள் வந்தார்கள். வீடு வீடாகக் குப்பை பிரித்து வாங்குவது திருப்பதியில் பல ஊர்களுக்கு முன்னால் வந்தது. 2017 தூய்மை நகரப் பட்டியலில் திருப்பதி முதல் பத்துக்குள் இருந்தது. பெரிய வேலைகள் எல்லாம் நடந்தன. நடக்காதது சின்ன வேலை. மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை, முனையில் கல்வெர்ட் உடைந்திருக்கிறது, வால்வைத் திருப்புகிறவர் மேட்டுத் தெருவை மறந்துவிடுகிறார், இவற்றை ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம் யார் போய்ச் சொல்வது? அவர் கேட்க மாட்டார் என்பதில்லை. திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். கவுன்சிலர் என்றால் பல் துலக்கும்போதே வாசலில் போய் நிற்கலாம். 'ஏம்பா, ஓட்டு கேக்க வந்தியே' என்று உரிமையோடு சத்தம் போடலாம்.

2015 நவம்பர் மழையின்போது எம்.ஆர். பள்ளிப் பக்கம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. ஆபீசில் போன் விடாமல் அடித்தது. எந்தத் தெருவில் இடுப்பளவு, எந்தத் தெருவில் முழங்கால், எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை. மேப்பை வைத்துக்கொண்டு படகு அனுப்பினோம்.

2021 நவம்பர் 18 அன்று அதைவிடப் பெரிய மழை. மலையிலிருந்து வந்த வெள்ளம் ரோடுகளை ஆறாக்கியது. சுவர்ணமுகி பாலங்களை உடைத்தது. ராயலசெருவுக் கரை கசிந்து கிராமங்களைக் காலி செய்தார்கள். ஸ்ரீகிருஷ்ணா நகரில் தரைக்குள் புதைத்த சிமெண்ட் உறைத் தொட்டி ஒன்று, உள்ளே ஒரு பெண் சுத்தம் செய்துகொண்டிருந்தபோதே, பல அடி உயரம் மேலே எழும்பி நின்றது. நிலத்தடி நீர் அழுத்தம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பார்த்துச் சொன்னார்கள். நான் அப்போது ஓய்வு பெற்று அந்தப் பக்கத்திலேயே குடியிருந்தேன். மன்றம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் கார்ப்பரேட்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வீட்டு நம்பர் சொல்லி, 'அந்த மாடியில டயாலிசிஸ் பேஷண்ட் இருக்காரு, முதல்ல அங்க போ' என்று ஆட்களை அனுப்பினார். எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. ஏரிகளை மூடி வீடு கட்டியதற்குப் பல மன்றங்களும் பல ஸ்பெஷல் ஆபீசர்களும் சேர்ந்துதான் பொறுப்பு. அன்று காலை அந்த டயாலிசிஸ் நோயாளி வீட்டின் நம்பர் தெரிந்திருந்தது ஒரு கார்ப்பரேட்டருக்குத்தான்.

அந்த 2021 தேர்தலையும் நான் முழு மனதோடு கொண்டாட முடியாது. சித்தூரில் 50 வார்டுகளில் 37ல் போட்டியே நடக்கவில்லை. திருப்பதியிலும் இருபதுக்கு மேல் அப்படி. மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின, ஆளும் கட்சி மறுத்தது. எனக்குத் தெரிந்தது தொழில் சம்பந்தமான ஒன்று. போட்டியில் ஜெயித்த கவுன்சிலருக்குத் தன் வார்டில் எந்தச் சந்தில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று பிரச்சாரத்திலேயே தெரிந்துவிடும். கதவு கதவாகப் போய்த் திட்டு வாங்கியிருப்பார். போட்டியில்லாமல் வந்தவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

அதற்கும் முன்னாலேயே, 2019ல், வார்டு சச்சிவாலயம் என்ற வார்டு அளவிலான அரசு அலுவலகம் வந்தது, வீடு வீடாகப் போகும் வாலண்டியர்கள் வந்தார்கள். பென்ஷன் வீட்டு வாசலுக்கு வந்தது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்னே கவுன்சிலர் மூலமாகப் போன பாதி வேலை வாலண்டியர் போனுக்குள் போய்விட்டது. 2024ல் ஆட்சி மாறியதும் வாலண்டியர்கள் இல்லை. ஜனங்கள் மறுபடி கவுன்சிலரைத் தேடினார்கள், அவருக்கோ தன் வார்டில் யாருக்கு என்ன பென்ஷன் என்பதே தெரியாமல் போயிருந்தது. இதற்கிடையில் வீட்டுவரியும் மாறியிருந்தது. வாடகை மதிப்பைப் பார்த்துப் போட்ட வரி, 2021 ஏப்ரலிலிருந்து நிலத்தின், கட்டடத்தின் மூலதன மதிப்பைப் பார்த்துப் போடும் வரியானது. வருஷத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வருஷா வருஷம் 15 ஏறினால் ஐந்தாவது வருஷம் எங்கே போய் நிற்கும் என்று சொந்த வீட்டில் பென்ஷனில் வாழும் கிழவர்களுக்குக் கணக்குத் தெரியும். அதோடு குப்பைக்கு மாதக் கட்டணம். ஜனங்கள் அதற்கு 'செத்த பன்னு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், குப்பை வரி. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அதை ரத்து செய்வதாக அறிவித்தார். இந்த எல்லாவற்றிலும் மன்றங்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. மேலிருந்து வந்தது, மேலிருந்தே போனது. திட்டு வாங்கியது மட்டும் கவுன்சிலர்.

2021ல் பதவியேற்றவர்களின் 5 ஆண்டு 2026 மார்ச்சில் முடிகிறது. தேர்தலைத் தள்ளாமல் நடத்த வேண்டும் என்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் மனு எழுதினோம், வரைவு என்னுடையது. இன்னொரு பதினான்கு வருஷம் வெள்ளை ஓரமுள்ள புத்தகங்கள் இந்த ஊருக்கு வேண்டாம்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். வெள்ளத்தில் இடிந்த கால்வாய்ச் சுவர் இன்னும் கட்டவில்லை, ஆன்லைனில் மூன்று தடவை புகார் கொடுத்தும் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டான். உட்கார வைத்துச் சொன்னேன். எந்த மின்கம்பத்திலிருந்து எந்த மின்கம்பம் வரை என்று கம்ப நம்பரோடு எழுது. எத்தனை மீட்டர் என்று நீயே அள. எதிரும் புதிருமாக உள்ள வீட்டு நம்பர்களைப் போடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணின் கையெழுத்தாவது வாங்கு. இரண்டு காப்பி எடு, ஒன்றில் தபால் பிரிவு முத்திரை வாங்கு. அதைக் கார்ப்பரேட்டரிடம் காலை ஆறரைக்குக் கொண்டுபோ, ஏ.இ. என்றைக்கு அளக்க வருவார் என்று தேதி கேட்காமல் எழுந்து வராதே. மன்றத்தின் காலம் முடிவதற்குள் அஜெண்டாவில் ஏறியாக வேண்டும். தீர்மானம் ஆகிவிட்டால், அதன்பின் ஸ்பெஷல் ஆபீசரே வந்தாலும் காட்டிக் கேட்க உன் கையில் ஒரு நம்பர் இருக்கும்.

'அளக்கறதுக்கு டேப் இருக்கா அங்கிள்?' என்று கேட்டான். என்னுடையதைக் கொடுத்தனுப்பினேன். நேற்றுச் சாயங்காலம் அவனும் எதிர்வீட்டு அக்காவும் ஆளுக்கொரு முனையில் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு மீட்டராம்.